நெருப்புக்குக் கண் தெரியாது

“நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடுமா? போய்ச் சொல்லிட்டு வாங்க டீச்சர்” என்றாள் பாட்டு டீச்சர், கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டே.

“உங்களுக்கென்ன? ஆர்மோனியத்தை அமுக்கி நாலு வரி பாடிட்டுப் போயிடுவீங்க. கேள்வி கேக்கறது என்கிட்டதானே?” என்றாள் சின்ன வகுப்பு டீச்சர்.

“கேட்டா பதில் சொல்லுங்க.”

“என்னன்னு?”

பாட்டு டீச்சர் சீப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அன்றோடு வருஷம் திரும்பியிருந்தது. போன வருஷம் இதே நாள் தலைநகரத்தில் ஆறு மாடிக் கடை ஒன்று தீப்பிடித்து எரிந்தது. விடுமுறை நாள். அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வந்திருந்த நேரம். நடு மாடி ஒன்றில் பொம்மைக் கடை. அதற்குள்ளேயே விளையாட மர வீடுகள், நுழைந்து போகிற சுரங்கம், பந்துக் குளம். நாடே டிவி முன்னால் உட்கார்ந்து அந்தப் புகையைப் பார்த்தது. தீயை அணைத்துவிட்டு உள்ளே போனவர்கள் வெளியே வந்து வாய் திறக்காமல் நின்றதையும் பார்த்தது. பல பிள்ளைகள் ஓடவில்லை. மர வீடுகளுக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தார்கள். கூப்பிட்டவர்களுக்குக் குரல் கொடுக்கவும் இல்லை. “பயந்த குழந்தை அப்படித்தாங்க செய்யும்” என்று தீயணைப்பு அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த ஒரு வாக்கியம்தான் சின்ன வகுப்பு டீச்சரின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. அதற்கப்புறம் அவள் மாடி வைத்த கடைக்குள் கால் வைக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினோமா இல்லையா என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பி வீட்டுக்கு ஓடுவாள். “பேசாம அதையும் கைப்பையில போட்டுக் கொண்டுபோயிடேன்” என்று புருஷன் கேலி செய்வான். அவளுக்குச் சிரிப்பு வராது.

காலையில் பெரிய மிஸ் எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். “மேலிடத்து உத்தரவு. எல்லா வகுப்புலயும் இன்னிக்கு அதைப் பத்திப் பேசணும். அவங்கவங்க வயசுக்கு ஏத்த மாதிரி.”

“மிஸ், என் வகுப்புக்கு என்ன ஏத்த மாதிரி? அதுங்களுக்கு எந்தக் கால் ஷூ எந்தக் கால்னே இன்னும் தெரியாது.”

“அதனாலதான் சொல்றேன். பயமுறுத்தக் கூடாது. ஒரு பிள்ளையும் அழக் கூடாது. சாயங்காலம் எந்த அம்மாவும் போன் பண்ணி, ‘என் பிள்ளை சாப்பிட மாட்டேங்குது, என்ன சொன்னீங்க’ன்னு என்னைக் கேக்கக் கூடாது.”

“சரி மிஸ். அப்ப என்னதான் சொல்லட்டும்?”

“டீச்சர் நீங்களா, நானா?”

மாடிப்படி ஏறும்போது ஆயாம்மா பின்னாலேயே வந்தாள். “இதுக்குப் போய் ஏன் டீச்சர் முகத்தைத் தூக்கி வச்சுக்கறீங்க? பூச்சாண்டி கதை சொல்ற மாதிரி சொல்லிடுங்க. பூச்சாண்டி வந்தான், பூச்சாண்டி போனான், கதை முடிஞ்சுது, கத்திரிக்கா காய்ச்சுது.”

பள்ளிக்கூடம் என்றால் கோட்டை கொத்தளம் இல்லை. வாடகைக்கு எடுத்த மாடி வீடு. கீழே ஆபீஸும் பெரிய வகுப்புகளும். மேலே ஒரே நீள அறை. அதுதான் சின்ன வகுப்பு. ஜன்னல் ஓரம் குட்டி நாற்காலிகள், தண்ணீர் பாட்டில்கள் வைக்கிற பலகை, மத்தியானத் தூக்கத்துக்கு மெத்தைகள் அடுக்கிய அலமாரி. ஏறவும் இறங்கவும் ஒரே படிக்கட்டு.

பிள்ளைகள் விரிப்பில் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

“மிஸ், கதையா?” என்றான் ரேடியோ. வாயை மூடாத பையன். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

“கதை இல்லப்பா. நிஜமா நடந்தது.”

“நிஜக் கதையா?”

“ம்.”

“பேய் வருமா?” என்றாள் குண்டூசி. ஒல்லிப் பெண், எங்கே இருந்தாலும் குத்திக்கொண்டே இருப்பாள்.

“வராது.”

“அப்ப என்ன கதை அது!”

டீச்சர் ஆரம்பித்தாள். “ஒரு பெரிய ஊர்ல, ரொம்பப் பெரிய கடை ஒண்ணு இருந்துச்சு.”

“எங்க மாமாவும் கடை வச்சிருக்காரு. செருப்புக் கடை.”

“இது அதைவிடப் பெரிசு.”

“எங்க மாமா கடையும் பெரிசுதான்.” ரேடியோ விடுகிற ஜாதி இல்லை.

“சரி, அதுவும் பெரிசு. இந்தக் கடையில ஒரு மாடி முழுக்கப் பொம்மை. ஒருநாள் அங்க தீப்பிடிச்சுது.”

“யாரு வச்சாங்க?”

“யாரும் வைக்கலம்மா. ஒயர் சூடாகித் தானா பிடிச்சுக்கிச்சு.”

“பொம்மை எல்லாம்?”

“எரிஞ்சுபோச்சு.”

“கரடியுமா?”

டீச்சர் தலையாட்டினாள். குண்டூசியின் கீழுதடு பிதுங்கியது. பக்கத்தில் இருந்த இன்னொன்றும் மூக்கை உறிஞ்சியது. கரடிக்கே இப்படியா என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

“அங்க பசங்க இருந்தாங்களா மிஸ்?” ரேடியோதான்.

“இருந்தாங்க.”

“அவங்க என்ன ஆனாங்க?”

இத்தனை கண்கள். எல்லாம் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு. வாசல் பக்கம் பெரிய மிஸ்ஸின் செருப்புச் சத்தம் வந்து நின்ற மாதிரி இருந்தது.  அவள் நாக்கு தன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தது.

“அவங்க ரொம்பச் சமத்துப் பசங்க. என்ன பண்ணாங்க தெரியுமா? சத்தமே போடாம ஒளிஞ்சுக்கிட்டாங்க. நெருப்புக்குத்தான் கண்ணு தெரியாதே! அங்கயும் இங்கயும் தேடித் தேடிப் பார்த்துச்சாம். ஒருத்தரும் கிடைக்கல. சரி போன்னு போயிடுச்சாம். அப்புறம் தீயணைப்பு மாமா வந்து ஒவ்வொருத்தரா தூக்கிட்டு வந்தாங்க.”

“ஹே!” என்று ஒரே கைதட்டல். குண்டூசியின் உதடு உள்ளே போய்விட்டது. டீச்சருக்கு மூச்சு வந்தது. வாசலில் செருப்புச் சத்தம் நகர்ந்து போயிற்று.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளைகள் அதை விளையாட்டாக்கினார்கள். “நான்தான் நெருப்பு! எனக்குக் கண்ணு தெரியாது!” என்று ரேடியோ கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி அலைந்தான். நாற்காலிக்கு அடியில் ஒன்று, ஆயாம்மா புடவைக்குப் பின்னால் ஒன்று. சிரித்துச் சிரித்தே எல்லாம் மாட்டிக்கொண்டன. ஒரே ஒருத்தியைத் தவிர.

அவள்தான் பிள்ளைப்பூச்சி. ஆயாம்மா வைத்த பெயர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற குழந்தை. ‘வாயை மூடு’ என்றால், ‘திற’ என்று யாராவது சொல்கிறவரைக்கும் மூடியிருக்கும். ஒருமுறை ‘இங்கயே நில்லு, வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டு டீச்சர் மறந்துபோய், பிரார்த்தனையெல்லாம் முடிந்து வந்து பார்த்தால், அதே தூணுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கும் திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சுக்கூட விடாமல் நின்று, ஆட்டம் கலைந்த பிறகுதான் வெளியே வந்தது.

“பார்த்தீங்களா? பிள்ளைப்பூச்சியை நெருப்பால கண்டுபிடிக்கவே முடியல! சமத்துன்னா இதுதான் சமத்து!” என்று டீச்சர் அவள் கன்னத்தைத் தட்டினாள். குழந்தையின் முகம் மலர்ந்தது. அதை யாரும் அடிக்கடி பாராட்டுவதில்லை.

மத்தியானம் பிள்ளைகள் தூங்கி எழுகிற நேரம். ஆயாம்மா மெத்தைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், ஏதோ கருகற வாடை வரலை?”

“எனக்கு எப்பவும்தான் வருது.” உண்மைதான், ஒரு வருஷமாக அவளுக்கு இல்லாத இடத்திலும் வரும்.

“இல்ல டீச்சர், நிஜமாவே.”

டீச்சர் படிக்கட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். கீழே படிக்கட்டுக்கு அடியில் இருந்த மீட்டர் பெட்டி படபடவென்று பொரிந்தது. பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த ரப்பர் விரிப்புகளிலிருந்து கறுப்பாகப் புகை. வாட்ச்மேன் மணல் வாளியோடு ஓடி வந்துகொண்டிருந்தான். “பசங்களை இறக்குங்க! சீக்கிரம்!”

 டீச்சரின் கை பழக்கத்துக்குப் போயிற்று. ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்தாள். வெளியே போகும்போதெல்லாம் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நடக்கிற நீளக் கயிறு அது. இரண்டு பக்கமும் வளையங்கள், ஆளுக்கொரு நிறம்.

“ரயில்! ரயில்! அவங்கவங்க வளையத்தைப் பிடிங்க! ஷூ வேண்டாம், அப்படியே வாங்க!”

“மிஸ், எங்க போறோம்?”

“பேசாத, நட!”

முன்னால் டீச்சர். பின்னால் ஆயாம்மா, எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்த ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு. படிக்கட்டில் புகை இன்னும் டீச்சரின் தலை உயரத்தில்தான் இருந்தது. இருமிக்கொண்டே இறங்கி, கதவைத் தாண்டி, வாசல் கேட்டைத் தாண்டி, எதிர் நடைபாதை. பெரிய வகுப்புகள் முன்னமே அங்கே நின்றன. பெரிய மிஸ் போனில் கத்திக்கொண்டிருந்தார். டீச்சர் திரும்பிக் கயிற்றைப் பார்த்தாள்.

கடைசிக்கு முந்தின வளையம், பச்சை வளையம், காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“ஆயாம்மா, பிள்ளைப்பூச்சி எங்க?”

“முன்னால உங்ககூட இல்லையா?”

“என்கூட எப்படி? பச்சை பின்னாலதானே!”

“ஐயோ டீச்சர்... நான் இவனைத் தூக்கறதுல... எழுந்து பாத்ரூம் பக்கம் போன மாதிரி இருந்துச்சு. வந்துட்டான்னு நினைச்சேன்...” ஆயாம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

டீச்சர் கயிற்றை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினாள். பின்னால் பெரிய மிஸ் கூப்பிட்டது காதில் விழுந்தது. யாரையோ கூப்பிடுகிற மாதிரி விழுந்தது.

கதவருகே வாட்ச்மேன் மறித்தான். “டீச்சர், மேல போகாதீங்க! மெயினை அணைச்சாச்சு, ரப்பர்தான் எரியுது, அந்தப் புகை ஆளைத் தின்னுடும். வண்டி வந்துட்டே இருக்கு!”

“பிள்ளை மேல இருக்குய்யா!”

“நான் போறேன், நில்லுங்க...”

“உங்களைப் பார்த்தா அது வராது. நகருங்க!”

அவன் கையிலிருந்த ஈரத் துணியைப் பிடுங்கி மூக்கில் பொத்திக்கொண்டு ஏறினாள். இப்போது புகை இடுப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. கண்ணில் மிளகாயைத் தேய்த்த எரிச்சல். கடைசிப் படியில் தடுக்கி விழுந்தாள். விழுந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அப்படியே தவழ்ந்து அறைக்குள் போனாள்.

“பிள்ளைப்பூச்சி! மிஸ் வந்திருக்கேன்டா. எங்க இருக்கே?”

பதில் இல்லை.

பாத்ரூம் கதவைத் தள்ளினாள். காலி. திரைச்சீலையை இழுத்தாள், கம்பியோடு கையில் வந்தது. நாற்காலிகளுக்கு அடியில் கையால் துழாவினாள். யாரோ விட்டுப்போன ஒற்றை ஷூ.

“கண்ணு, குரல் குடும்மா! எங்க இருக்கேன்னு சொல்லு!”

எங்கோ தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டது. அவள் இடித்ததுதான். அப்புறம் மறுபடி அமைதி. குழந்தை மயங்கிவிட்டதா? இங்கேதான் இருக்கிறதா? நினைத்துக்கொண்டே கையை நீட்டிக் காற்றைத் துழாவியபோதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணைத் திறக்க முடியாமல், கையை நீட்டிக்கொண்டு, அங்கேயும் இங்கேயும்.

சத்தமே போடாம ஒளிஞ்சுக்கிட்டாங்க. யார் சொன்னது? சமத்துன்னா இதுதான் சமத்து. யார் தட்டிய கன்னம்?

 குழந்தை மயங்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்டுக்கொண்டே, சொன்னபடி, வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

“விளையாட்டு முடிஞ்சுபோச்சு! வெளிய வா! நீதான் ஜெயிச்சே!”

இல்லை.

“தீயணைப்பு மாமா வந்தாச்சும்மா! இதோ, கீழ நிக்கறாரு!”

இல்லை. மாமா வந்திருந்தால் மாமா குரல் அல்லவா கேட்கும்? அந்தக் குழந்தைக்கு அதுகூடவா தெரியாது? படிக்கட்டுப் பக்கம் ஏதோ வெடித்தது. வாட்ச்மேன் கீழேயிருந்து “டீச்சர்! டீச்சர்!” என்று அலறினான். புகை இன்னும் தாழ்ந்து தரையைத் தொட வந்தது. அவள் கன்னத்தைத் தரையோடு வைத்துக்கொண்டாள். துணி காய்ந்துவிட்டது. இனிமேல் சொல்வதற்குப் பொய் எதுவும் அவளிடம் மிச்சமில்லை.

“பிள்ளைப்பூச்சி, கேளு. காலையில மிஸ் சொன்னது பொய். கேக்குதா? பொய் சொன்னேன்.” இருமல் வந்து அடைத்தது. “அந்தப் பசங்க ஒளிஞ்சுக்கிட்டாங்க. அது நிஜம். ஆனா அவங்களை யாரும் தூக்கிட்டு வரலம்மா. எங்க இருக்காங்கன்னே யாருக்கும் தெரியல. கூப்பிட்டாங்க, கூப்பிட்டாங்க, அவங்க பதில் சொல்லல. புகை போயிடுச்சு உள்ள. அவங்க செத்துப்போயிட்டாங்க.”

அந்தச் சொல்லை ஒரு குழந்தையிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. 

“உள்ள ஒளிஞ்சவங்க செத்துட்டாங்க. வெளிய ஓடினவங்க பொழைச்சாங்க. நெருப்பு ஒண்ணும் தேடாதுடா. அது பாட்டுக்கு வரும்.”

 அப்புறம் மெத்தை அலமாரிக்குள்ளிருந்து, கம்பளியில் பொத்தின மாதிரி, ஒரு குட்டிக் குரல்.

“எல்லாருமா மிஸ்?”

டீச்சர் தரையோடு உடம்பை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அடித்தட்டில், சுருட்டிய மெத்தைகளுக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தது. இருமல் வெளியே கேட்கக் கூடாது என்று.

“எல்லாரும் இல்ல. ஒளிஞ்சவங்க. வா.”

“அப்ப ஏன் வேற மாதிரி சொன்னீங்க?”

“எனக்குப் பயமா இருந்துச்சு.”

“இப்ப?”

“இப்ப அதைவிடப் பயமா இருக்கு. கையைக் குடு.”

குழந்தை கையைக் கொடுத்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே படிப்படியாகச் சரிந்து இறங்கினாள். பாதியில் கனமான கையுறை போட்ட ஒரு கை வந்து தோளைப் பிடித்தது. அதற்கப்புறம் இறங்கினது அவளுக்கு ஞாபகமில்லை.

நடைபாதையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். தீயணைப்பு வண்டிக்காரர் ஒருவர் குழந்தையின் மூக்கையும் தொண்டையையும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் பயமில்ல. இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா நான் இப்படிச் சொல்லமாட்டேன்” என்றார்.

பெரிய மிஸ் குனிந்து காதோரம் பேசினார்.  “பெத்தவங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. குழந்தை பாத்ரூம்ல இருந்துச்சு, நீங்க போய்க் கூட்டிட்டு வந்துட்டீங்க. அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை வேண்டாம். புரியுதா?”

டீச்சருக்குத் தலையாட்டிவிடலாம் போலத்தான் இருந்தது. தொண்டை புண்ணாகக் கிடந்தது. பேசாமல் இருக்கச் சொன்னால் இதைவிட வேறென்ன வேண்டும்? அப்போதுதான் ரேடியோ கயிற்றை விட்டுவிட்டு முன்னால் வந்தான்.

“மிஸ்! பிள்ளைப்பூச்சி ஒளிஞ்சுக்கிட்டாளா?”

“ம்.”

“நெருப்பால கண்டுபிடிக்கவே முடியலையா?”

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அவன் திரும்பிக் கூவினான். “டேய்! பிள்ளைப்பூச்சி ஒளிஞ்சுக்கிட்டாடா! நெருப்பு தேடிட்டுப் போயிடுச்சாம்! நிஜம்தான்டா!”

“ஹே!” என்று சின்ன வகுப்பு மொத்தமும் கைதட்டியது.

அந்தக் கைதட்டல்தான். மாடியில் புகைக்குள் பயந்ததெல்லாம் ஒரு பயமா என்று ஆகிவிட்டது அவளுக்கு. இதோ, ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள். ஒவ்வொன்றும் அந்தப் பொய்யை, இப்போது கண்ணால் பார்த்த சாட்சியோடு, வீட்டுக்கு எடுத்துப் போகப் போகிறது. எந்த வீட்டில் எந்த அடுப்பு, எந்தக் கட்டிலுக்கு அடியில் எந்தப் பிள்ளை? யார் போய்க் கூப்பிடுவார்கள்?

“யாரும் போகாதீங்க!” என்றாள். குரல் தகரத்தில் கீறின மாதிரி வந்தது. “கயிறைப் பிடிங்க. உட்காருங்க. இங்கயே, கீழயே உட்காருங்க.”

“டீச்சர், என்ன பண்றீங்க?” என்றார் பெரிய மிஸ்.

“ஒரு நிமிஷம் மிஸ்.”

“ரோட்டுல வச்சா?”

“வேற எங்க வச்சு? இதுங்க போயிடுமே.”

பிள்ளைகள் உட்கார்ந்தன. சும்மாவே உட்காராத ரேடியோகூட உட்கார்ந்தான். டீச்சர் முகம் அப்படி இருந்தது.

“காலையில நான் சொன்ன கதையில ஒரு இடம் தப்பு. அதைத் திருத்தணும். அந்தக் கடையில ஒளிஞ்சுக்கிட்ட பசங்க திரும்பி வரல. புகையில மூச்சு விட முடியாம செத்துப்போயிட்டாங்க.”

கரடிக்கு உதட்டைப் பிதுக்கிய குண்டூசி இதற்கு அழவில்லை. புருவத்தைச் சுருக்கினாள். “அப்ப பிள்ளைப்பூச்சி?”

“அவளும் செத்துப்போயிருப்பா. நல்லவேளை, பேசினா. பேசினதாலதான் கண்டுபிடிச்சேன்.”

“அவங்க சமத்து இல்லையா மிஸ்?”

“சமத்துதான். பயந்துட்டாங்க. ஒளிஞ்சுக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. அதான் நான் உங்களுக்குச் சொல்றேன்.”

ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. சங்கிலித் தொடராக இன்னும் இரண்டு. கூட்டத்தில் ஒரு அப்பா முன்னால் வந்து தன் மகளை வாரியெடுத்துக்கொண்டார். “என்ன டீச்சர் இது? குழந்தைங்ககிட்ட சாவு அது இதுன்னு! ராத்திரி தூங்குமா இது?”

“தூங்கலைன்னா பக்கத்துல படுத்துக்கோங்க சார். கேள்வி கேட்டா பதில் சொல்லுங்க. மறைக்காதீங்க.”

“நல்லா இருக்கே நியாயம்!”

அவர் திட்டிக்கொண்டே நின்றார்; ஆனால் போகவில்லை. டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். “இப்ப சொல்லுங்க. தீயோ புகையோ பார்த்தா என்ன பண்ணணும்?”

பதிலையும் அவளே சொன்னாள்.

“ஓடணும். எங்க? வெளிய. கதவு வழியா. போக முடியலைன்னா?”

“கத்தணும்” என்றான் ரேடியோ, சந்தேகமாக.

“என்னன்னு கத்தணும்?”

“நான் இங்க இருக்கேன்னு.”

“எங்க, கத்து பார்க்கலாம்.”

வாழ்நாளில் அவனை அப்படி யாரும் கேட்டதில்லை. எழுந்து நின்று, வயிற்றை எக்கி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். “நான் இங்க இருக்கேன்!” எதிர் மாடியில் ஜன்னல் திறந்தது. அழுதுகொண்டிருந்ததும் அழுகையோடு கத்தியது. குண்டூசி காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். அப்பா தோளில் இருந்த பெண் அவர் காதிலேயே கத்தியது.

பிள்ளைப்பூச்சி மட்டும் கத்தவில்லை.

“நீயும்மா.”

தலையை ஆட்டியது. “எனக்குக் கத்த வராது மிஸ்.”

“கொஞ்சமா.”

“அப்பா தூங்குவாங்க.”

அப்போதுதான் அவள் அம்மா வந்து சேர்ந்தாள். மருந்துக் கடையில் வேலை. கடைச் சட்டையோடு, செருப்பு அறுந்து ஒரு காலில் இழுபட, ஓடி வந்திருந்தாள். குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். கரி படிந்த மூக்கைப் பார்த்தாள்.

“என்ன ஆச்சு? இவ மட்டும் ஏன் இப்படி?”

பெரிய மிஸ் ஆரம்பித்தார். “பாத்ரூம்ல...”

“ஒளிஞ்சுக்கிட்டா” என்றாள் டீச்சர். “தீ வந்தா ஒளிஞ்சுக்கணும்னு காலையில நான்தான் சொன்னேன். நான் சொன்னதை அப்படியே செஞ்சா.”

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அடித்துவிடுவாள் என்றே டீச்சர் நினைத்தாள். கண்ணை மூடாமல் நின்றாள்.

“உங்களை நம்பித்தானே விட்டுட்டுப் போறேன்” என்றாள் அம்மா கடைசியில். சத்தம்கூட வரவில்லை.

“ஆமா.”

“இனிமே எப்படி விட்டுட்டுப் போவேன்?”

 டீச்சர் சொன்னது வேறு. “அவளைக் கத்தச் சொல்லுங்கம்மா. கத்த வராதுங்கறா. எனக்கு அதான் பயமா இருக்கு.”

அம்மாவின் முகம் மாறியது. “நான்தான் டீச்சர்...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். “இவ அப்பாவுக்கு ராத்திரி வேலை. பகல்ல தூங்குவாரு. மூச்சு காட்டாதடின்னு பழக்கிட்டேன். ஒரே ரூமு, என்ன பண்ணட்டும்?”

குழந்தை அம்மாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது. “அம்மா, அந்தப் பசங்க செத்துட்டாங்களாம்.”

“தெரியும்டி.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

அம்மா அறுந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையால் குழந்தையின் விரலைப் பிடித்து நடந்தாள். நாலு எட்டு போயிருப்பாள். நின்றாள். நடுத்தெருவில் செருப்பும் கையுமாக, முகத்தை நிமிர்த்தி, “நான் இங்க இருக்கேன்!” என்று கத்தினாள்.

சைக்கிளில் போனவன் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“அம்மா! எல்லாரும் பார்க்கறாங்க!” குழந்தை எக்கி அவள் வாயைப் பொத்தப் பார்த்தது.

“பார்க்கட்டும்டி. நீ கத்து.”

“மாட்டேன்.”

“கத்து.”

“வெக்கமா இருக்கு.”

இரண்டு பேரும் அப்படியே வாதாடிக்கொண்டு தெருமுனை திரும்பினார்கள். மற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஆயாம்மா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பெரிய மிஸ் “நாளைக்குப் பேசிக்கலாம்” என்றார். அதில் மிரட்டல் இருந்ததா, களைப்பு இருந்ததா, டீச்சருக்குப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. முனைக்கு அப்பாலிருந்து அம்மாவின் குரல் மறுபடி கேட்டது. “நான் இங்க இருக்கேன்!”

“டீச்சர், வாங்க, முகம் கழுவுங்க” என்றாள் ஆயாம்மா.

“இருங்க.”

“எதுக்கு?”

“சத்தம் போடாதீங்க ஆயாம்மா. இருங்க.”

அம்மாவின் குரல் இன்னும் தள்ளிப் போய்க் கேட்டது. குட்டிக் குரல் சேராமல் தனியாகத்தான் கேட்டது. டீச்சர் நடைபாதை விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.